காகிதத்துக்குக் கால் முளைத்தால்...

ஆபீஸ் வேலையை மேஜைக்கு மேஜை நகர்த்தும் கம்ப்யூட்டர்ச் சரக்குகள் இன்று எத்தனையோ! எதைப் பார்த்து வாங்குவது?

சென்ற ஆண்டு என் சித்திக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரிச் செலவை முதலில் கட்டிவிட்டு, பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் வாங்கிக்கொள்ள வேண்டிய நிலைமை. கையில் அவ்வளவு ரொக்கம் ஏது? சித்தியின் நான்கு வளையல்களை அடகுக் கடையில் வைத்துச் சித்தப்பா பணம் கட்டினார். ரசீதுகள், டாக்டர் சீட்டுகள் எல்லாவற்றையும் படம் பிடித்துக் கம்ப்யூட்டர் வழியாகவே கம்பெனிக்கு அனுப்பினோம். அரை நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது: "தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது."

சித்தப்பாவுக்கு மெத்தச் சந்தோஷம். "பார்த்தாயா, அந்தக் காலம் மாதிரி இல்லை!" என்றார்.

பத்து நாள் கழித்துப் பார்த்தோம். பரிசீலனையில் உள்ளது. இருபதாம் நாள் பார்த்தோம். பரிசீலனையில் உள்ளது. நாற்பதாம் நாளும் அதே வாசகம்தான். டெலிபோனில் கேட்டால், ஒரு பெண் குரல் அதையே இனிமையாகச் சொல்லிற்று. அடகுக் கடையில் வட்டி ஏறிக்கொண்டிருந்தது.

"ஏம்பா, நீ பத்திரிகைக்காரன்தானே? நேரே வந்து ஒரு வார்த்தை கேளேன்" என்றார் சித்தப்பா. போனோம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் நம்பரைத் தட்டிப் பார்த்தாள். முகம் கொஞ்சம் மாறியது.

"சார், இந்தக் கேஸ் ஒருத்தர் பேர்ல நிக்குது. அவர் வேலையை விட்டுப் போயி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு."

விஷயம் இதுதான். எங்கள் விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டர் ஓர் அதிகாரியின் தட்டில் வைத்தது. அடுத்த சில நாளில் அவர் ராஜினாமா செய்துவிட்டார். அவருடைய நாற்காலியை எடுத்துவிட்டார்கள். தட்டு மட்டும் அப்படியே இருந்தது. அவர் வந்து பார்த்து முடிப்பார் என்று கம்ப்யூட்டர் காத்திருந்தது. நாங்கள் போய்க் கேட்டிராவிட்டால் இன்னும் காத்திருக்கும்.

அந்தக் கம்பெனி இந்த வேலைக்கென்றே பெரும் விலை கொடுத்து ஒரு சாப்ட்வேர் வாங்கி வைத்திருந்தது. அந்த வகைச் சரக்குக்குப் பொதுப் பெயர் 'பிசினஸ் பிராசஸ் மானேஜ்மெண்ட்'. சுருக்கமாக, பி.பி.எம்.

அது என்ன சரக்கு?

ஓர் ஆபீஸில் நடக்கும் எந்தக் காரியமும் ஒரே ஆளோடு முடிவதில்லை. வீடு கட்டக் கடன் கேட்டு ஒருவர் பாங்கியில் மனுப் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குமாஸ்தா அதை வாங்கிப் பதிகிறார். இன்னொருவர் சம்பளச் சீட்டைச் சரிபார்க்கிறார். வக்கீல் பத்திரத்தைப் பார்க்கிறார். இஞ்சினீயர் மனையைப் பார்க்கிறார். மானேஜர் கையெழுத்துப் போடுகிறார். தொகை பெரிதென்றால் மேலிடத்துக்குப் போகிறது. ஒரு காகிதம் குறைந்தால் மனுதாரருக்கே திரும்பி வருகிறது.

முன்பெல்லாம் இதற்கு நாடா கட்டிய கோப்பு இருந்தது. அதைப் பியூன் தூக்கிக்கொண்டு நடப்பார். கோப்பு எங்கே என்று கேட்டால், பாதி நாள் அவருக்குத்தான் தெரியும்! அந்தப் பியூனின் நடை, தலைமைக் குமாஸ்தாவின் ஞாபகசக்தி, மானேஜரின் அதட்டல் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கம்ப்யூட்டருக்குள் வைத்தால் அதுதான் பி.பி.எம். கணக்கு எழுதும் சாப்ட்வேர் நடந்து முடிந்ததைச் சொல்லும். இதுவோ, அடுத்து யார் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கவனித்துக்கொள்ளும்.

பாங்கி, இன்ஷூரன்ஸ், ஆஸ்பத்திரி, டெலிபோன் கம்பெனி, சர்க்கார் இலாகா என்று எங்கெல்லாம் மனு மேஜை மாறுகிறதோ, அங்கெல்லாம் இதற்கு வேலை உண்டு. நீங்கள் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிராவிட்டாலும் உங்கள் மனு இதற்குள் நடந்திருக்கக் கூடும்.

ஐந்நூறு பேர் எங்கே, ஐந்து பேர் எங்கே!

எந்தச் சரக்கு உயர்ந்தது என்று பார்க்கப் புகுமுன், அமெரிக்காவில் நடந்த ஒரு கதையைச் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் அறிந்த கதை. மைக்கேல் ஹாம்மர் என்ற பேராசிரியர் 1990-ல் ஒரு கட்டுரையில் எழுதியது.

1980-களின் தொடக்கத்தில் போர்டு மோட்டார் கம்பெனியின் வட அமெரிக்கப் பிரிவில், சரக்கு அனுப்பியவர்களுக்குப் பணம் பட்டுவாடா செய்யும் இலாகாவில் மட்டும் 500 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். கம்ப்யூட்டர் வைத்தால் 400 பேரில் முடித்துவிடலாம் என்று நிர்வாகம் கணக்குப் போட்டது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் ஜப்பானிய மாஸ்டா கம்பெனியில் அதே வேலையை எத்தனை பேர் செய்கிறார்கள் என்று விசாரித்தபோது திடுக்கிட்டுப் போனார்கள். ஐந்தே பேர்! மாஸ்டா சிறிய கம்பெனிதான். அதற்காக இவ்வளவு வித்தியாசமா?

போர்டில் என்ன நடந்தது? சரக்கு வேண்டும் என்று எழுதிய ஆர்டர் ஒன்று, சரக்கு வந்து சேர்ந்த சீட்டு ஒன்று, விற்றவர் அனுப்பிய பில் ஒன்று. இந்த மூன்று காகிதங்களிலும் 14 விவரங்கள் ஒத்திருக்கின்றனவா என்று குமாஸ்தாக்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒத்துப் போனால் பணம். ஒத்துப் போகாதவற்றின் பின்னால் அலைவதிலேதான் நேரமெல்லாம் போயிற்று.

பிறகு போர்டு செய்த காரியம் வேடிக்கையானது. பில்லே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்! லாரி வந்து நின்றதும், சரக்கு இறக்கும் இடத்தில் இருப்பவர் கம்ப்யூட்டரில் ஆர்டரைப் பார்ப்பார். பொருந்தினால் எடுத்துக்கொள்வார், பணம் தானாகப் போகும். பொருந்தாவிட்டால் லாரி வந்த வழியே திரும்பும். ஒப்பிட வேண்டிய விவரங்கள் 14-லிருந்து 3 ஆயின. ஆட்கள் நூற்றுக்கு 75 பேர் குறைந்தார்கள்.

பழைய மூன்று காகித ஒப்பீட்டை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தால் 400 பேர் வேகவேகமாக அதே தலைவலியைப் பட்டிருப்பார்கள். இன்று பி.பி.எம். வாங்கும் கம்பெனிகளில் பல, இந்த 400 பேர் கணக்கைத்தான் போடுகின்றன என்பது என் அபிப்பிராயம்.

கடிகாரம் எங்கே?

இந்தச் சாப்ட்வேர்களில் முதலில் ஒரு படம் போட வேண்டும். காரியம் எங்கே தொடங்கி, எப்படி நடந்து, எங்கே முடிகிறது என்கிற படம். அதற்கென்று உலகப் பொதுவான ஒரு குறியீட்டு முறை இருக்கிறது. பெயர் பி.பி.எம்.என். முதலில் 2004-ல் வந்தது. இன்று வழங்கும் இரண்டாம் பதிப்பு 2011-ல் வெளியாயிற்று, 2013-ல் ஐ.எஸ்.ஓ. தரமும் பெற்றது.

படிப்பது சுலபம். மெல்லிய கோட்டு வட்டம் என்றால் ஆரம்பம். தடித்த கோட்டு வட்டம் என்றால் முடிவு. முனை மழுங்கிய கட்டம் ஒரு வேலை. டைமன் வடிவம் வந்தால், வழி இரண்டாகவோ மூன்றாகவோ பிரிகிறது என்று அர்த்தம். நீச்சல் குளத்தில் கயிறு கட்டித் தடம் பிரிப்பது போல, யார் யார் வேலை எது என்று நெடுந்தடங்கள் பிரித்திருக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சின்னம் ஒரு குட்டிக் கடிகாரம். வேலைக் கட்டத்தின் விளிம்பில் அதை ஒட்டிவிடலாம். "மூன்று நாளில் இந்த வேலை முடியாவிட்டால் மேற்பார்வையாளருக்கு அனுப்பு" என்பது அதன் பொருள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் எங்கள் விண்ணப்பம் ஏன் தூங்கிற்று என்று இப்போது புரிந்திருக்கும். படத்தில் கடிகாரம் இல்லை. இன்னொரு தவறும் உண்டு. நாற்காலியின் பெயரை எழுத வேண்டிய இடத்தில் ஆளின் பெயரை எழுதியிருந்தார்கள். 'கிளெய்ம் அதிகாரிகள்' என்று எழுதியிருந்தால், அந்த நாற்காலியில் யார் இருந்தாலும் வேலை அவர் கண்ணில் பட்டிருக்கும்.

கவுண்டருக்கு வந்த மேற்பார்வையாளரிடம் இதைக் கேட்டேன். நல்ல மனிதர். பெருமூச்சு விட்டார்.

"எங்களுக்கும் தெரியுது சார். போட்டுக் கொடுத்தவங்ககிட்ட எழுதிக் கேட்டிருக்கோம். மாத்தணும்னா அவங்கதான் வரணும். அதுக்குத் தனிச் சார்ஜ்."

அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான், இந்தச் சரக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு உண்டாயிற்று. விளம்பரப் புத்தகத்தைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. நேர்வழியில் போகும் மனுவை எல்லாமே அழகாக நடத்திவிடும். மனு வழி தவறினால் என்ன செய்கிறது? படத்தைத் திருத்த யாருக்குக் கை உண்டு? நாளைக்கு இந்தக் கடை வேண்டாம் என்றால் வெளியே வர முடியுமா? இந்த மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு பார்த்தேன். வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது.

சதுரங்கக்காரர் ஒருவர், பலகை ஆட்டக்காரர் ஒருவர்

பெரிய பாங்கிகளும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் வாங்கும் பெயர் 'பெகா'. 1983-ல் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தில் ஆலன் டிரெப்லர் என்பவர் தொடங்கியது. இவர் சாதாரண ஆள் இல்லை. மாணவராக இருந்தபோதே, 1975-ல் 'வேர்ல்டு ஓப்பன்' சதுரங்கப் போட்டியில் பால் பென்கோ என்ற கிராண்ட்மாஸ்டருடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டவர்!

பெகாவின் அமைப்பிலும் சதுரங்க மூளை தெரிகிறது. அது மனுவை ஒரு 'கேஸ்' ஆக வைத்துக்கொள்கிறது. கேஸ் இந்தப் படிதான் போக வேண்டும் என்று இறுக்கிக் கட்டுவதில்லை. நடுவில் ஒரு சந்தேகம் வந்தால், அதிகாரி தாமாக ஒரு விசாரணையைக் கிளப்பலாம். முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மற்றொரு விசேஷம், விதிகளை அடுக்கடுக்காக வைப்பது. எல்லா நாட்டுக்கும் ஒரு பொது விதி. அதன் மேல் இந்தியாவுக்கு மட்டும் ஒரு விதி. அதன் மேல் வீட்டுக் கடனுக்கு மட்டும் ஒரு விதி. அடியில் இருப்பதை மறுபடி எழுத வேண்டியதில்லை. பத்து நாடுகளில் கிளை உள்ள பாங்கிக்கு இது வரப்பிரசாதம். ஐம்பது பேர் உள்ள கம்பெனிக்கோ, இட்லிக்கு மாவாட்ட ரைஸ் மில் வாங்கிய கதை. விலையும் அதிகம், அதையே படித்துத் தேர்ந்த ஆட்களும் வேண்டும்.

இதன் எதிராளி 'அப்பியன்'. 1999-ல் வர்ஜீனியாவில் பிறந்தது. தொடங்கிய நால்வரில் ஒருவரும் தலைவருமான மாட் கால்கின்ஸ், ஓய்வு நேரத்தில் பலகை ஆட்டங்களைக் கண்டுபிடிப்பவர். ஜப்பானில் 1600-ல் நடந்த செகிகஹாரா யுத்தத்தை வைத்து அவர் அமைத்த ஆட்டம் அந்த வட்டாரத்தில் பிரசித்தம். ஆக, ஒரு பக்கம் சதுரங்கம், மறுபக்கம் பலகை ஆட்டம். மோதலுக்குக் கேட்க வேண்டுமா!

அப்பியனின் பலம் வேகம். படம் போட்டு, படிவம் அமைத்து, சில வாரங்களில் வேலையைத் தொடங்கிவிடலாம். பல இடங்களில் சிதறிக் கிடக்கும் விவரங்களை இருந்த இடத்திலேயே வைத்து ஒன்றுபோலக் காட்டுகிறது. அமெரிக்க சர்க்கார் இலாகாக்கள் பல இதை வாங்கியிருக்கின்றன. குறை என்னவென்றால், அதற்குள் கட்டியது அதற்குள்ளேதான் ஓடும். அதன் திரைகளை எழுதும் பாஷையும் அதற்கே உரியது.

இந்த இருவருக்கும் நடந்த வழக்கு சினிமாக் கதை போன்றது. அப்பியனை உபயோகித்து வேலை செய்த ஒரு புரோகிராமரைப் பெகா அமர்த்திக்கொண்டு, தொழில் ரகசியங்களைத் தெரிந்துகொண்டது என்பது அப்பியனின் குற்றச்சாட்டு. 2022 மே மாதம் வர்ஜீனியாவில் ஜூரிகள் பெகா 203 கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். 2024 ஜூலையில் அப்பீல் கோர்ட் அந்தத் தீர்ப்பைத் தள்ளி, மறு விசாரணை வேண்டும் என்றது. வழக்கு எப்படியோ போகட்டும். எதிராளியின் படிவத்தை எட்டிப் பார்ப்பதற்கு இவ்வளவு பெரிய சண்டை என்றால், இந்த வியாபாரத்தில் புழங்கும் பணத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பங்காளிகள் கதை

இன்னொரு பக்கம், இலவசமாகக் கிடைக்கும் சரக்குகள். இவற்றின் வம்சாவளி நம் ஊர்ப் பாகப்பிரிவினைகளைத் தோற்கடித்துவிடும்.

மூத்த வீட்டின் பெயர் 'ஜே.பி.பி.எம்.' பெல்ஜியத்துக்காரர் டாம் பாயன்ஸ் தொடங்கியது. அவரும் ஜோரம் பாரெஸ் என்ற சகாவும் அந்த வீட்டை விட்டு வெளியேறி 2010-ல் 'ஆக்டிவிட்டி' என்ற புதுக் குடித்தனம் வைத்தார்கள். அதற்குத் துணையாயிருந்த பெர்லின் கம்பெனி ஒன்று 2013-ல் பிரிந்து போயிற்று. அதுதான் 'கமுண்டா'. 2016-ல் மறுபடி ஒரு பிரிவினை. பாரெஸும் வேறு சிலரும் 'புளோவபிள்' என்று தனிக்கடை போட்டார்கள். சாப்ட்வேரின் மூலப்பிரதி எல்லோருக்கும் பொது என்பதால், பிரிகிறவர்கள் அடுப்பு, அம்மி, ஆட்டுக்கல் உட்பட எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகலாம். கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை!

கமுண்டா புரோகிராமர்களுக்கு உகந்தது. பி.பி.எம்.என். படத்தை அப்படியே ஓட்டும். அமெரிக்க விண்வெளி ஸ்தாபனமான நாஸாவின் ஆய்வுக்கூடத்தில், செவ்வாய்க் கிரகத்துக்குப் போன கலங்கள் அனுப்பும் தகவல்களைப் படிப்படியாகப் பக்குவம் செய்யும் வேலைக்கு இதை உபயோகித்திருக்கிறார்கள். பாங்கி மனுவும் செவ்வாய்ப் படமும் ஒரே இயந்திரத்தில் நடப்பது விந்தைதான். ஆனால் படிவம் அமைப்பது முதல் பாதி வேலையை உங்கள் ஆட்களே எழுதிக்கொள்ள வேண்டும். கெட்டிக்காரப் புரோகிராமர்கள் இல்லாத இடத்தில் இதை வாங்கி வைப்பது, டிரைவர் இல்லாமல் லாரி வாங்கி வாசலில் நிறுத்துவது போலத்தான்.

இலவசம் என்ற சொல்லிலும் ஜாக்கிரதை வேண்டும். கமுண்டா 2022-ல் எட்டாம் பதிப்பைப் புது இயந்திரத்தோடு கொண்டுவந்தது. 2024 அக்டோபர் முதல் அதன் புதிய வெளியீடுகளைச் சொந்தக் கம்ப்யூட்டரில் நிஜ வேலைக்கு ஓட்ட லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று ஆயிற்று. ஏழாம் பதிப்பின் இலவச வெளியீடு 2025 அக்டோபரோடு நின்றது. ஏழை நம்பி இருந்தவர்கள் தவித்துப் போனார்கள். என்ன நடந்திருக்கும், சொல்லுங்கள்? ஆம், மறுபடி பாகப்பிரிவினை! ஏழாம் பதிப்பை எடுத்துக்கொண்டு 'ஆபரேட்டன்' போன்ற புதுப் பங்காளிகள் கிளம்பியிருக்கிறார்கள். இப்படி எடுத்துக்கொண்டு போக வழி இருப்பதே இந்த வம்சத்தின் பெரிய சௌகரியம்.

சென்னைச் சரக்கு

நம் ஊர்க் கடைகளை விட்டுவிடலாமா? சென்னையில் பிறந்த 'கிஸ்புளோ' 2012-ல் வெளிவந்தது. நிறுவியவர் கடலூர்க்காரரான சுரேஷ் சம்பந்தம். கம்பெனி வளர்ந்த காலத்தில் கூடவே நின்ற ஐந்து உயர் அதிகாரிகளுக்கு 2022-ல் ஆளுக்கு ஒரு பி.எம்.டபிள்யூ. கார் பரிசளித்தாரே, அவர்தான்.

கிஸ்புளோவில் புரோகிராமர் தேவையில்லை. லீவு மனு, பிரயாணச் செலவு, சாமான் வாங்க அனுமதி போன்ற காரியங்களுக்கு ஆபீஸ் நிர்வாகியே படிகளை வரிசையாக அமைத்துவிடலாம். "மூன்று நாளில் முடிக்காவிட்டால் மேலே அனுப்பு" என்பதையும் அவரே சேர்க்கலாம், அவரே எடுக்கலாம். யாருக்கும் எழுதிக் கேட்க வேண்டாம். என் இரண்டாவது கேள்விக்கு மிக நல்ல பதில் இங்கேதான் கிடைத்தது. ஆனால் நாளைக்கு லட்சம் மனுக்கள், இருபது வெளி இயந்திரங்களோடு பேச்சுவார்த்தை என்று வந்தால் இது அதற்கான இடம் அல்ல.

ஸ்ரீதர் வேம்புவின் 'ஸோஹோ' கம்பெனி 2006-லேயே 'கிரியேட்டர்' என்ற சரக்கைக் கொண்டுவந்தது. வழிப்படம் போடும் வசதி அதில் உண்டு. அதற்கு மேல் வேண்டுமானால் 'டெலூஜ்' என்ற சின்ன பாஷையைக் கற்றுக்கொள்ள வேண்டும். கணக்குத் தெரிந்த ஒரு சுறுசுறுப்பான இளைஞர் சில வாரங்களில் கற்றுவிடுவார். சிறு தொழில் செய்பவர்களுக்கு இந்த இரண்டில் ஒன்றே போதும் என்பேன்.

பல ஆபீஸ்களில் ஏற்கெனவே இருப்பது மைக்ரோஸாப்டின் 'பவர் ஆட்டோமேட்'. 2016-ல் 'புளோ' என்ற பெயரில் வந்து 2019-ல் பெயர் மாறியது. கடிதம் வந்தால் பதிவு செய், பதிவானால் மானேஜரிடம் சம்மதம் கேள் என்பன போன்ற குறுக்கு வேலைகளுக்கு வெகு சுகம். ஒரே ஒரு விஷயத்தை வாங்குகிறவர்கள் கவனிப்பதில்லை. அதில் ஓர் ஓட்டத்தின் ஆயுள் 30 நாள். அதற்குள் பதில் வராவிட்டால் ஓட்டம் காலாவதியாகிவிடும். எங்கள் சித்தியின் விண்ணப்பம் தூங்கியது 43 நாள்! நீண்ட காலம் காத்திருக்க வேண்டிய காரியத்துக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளாமல் இதை நம்பக் கூடாது. கமுண்டா போன்றவற்றில் ஒரு கேஸ் மாதக்கணக்கில் நிற்கலாம். கடிகாரமும் கூடவே ஓடும்.

பெயர்ப்பலகை மாறும்

கடையைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்தத் துறையில் பெயர்ப்பலகைகள் அடிக்கடி மாறும். 'ஸ்டாப்வேர்' 2004-ல் டிப்கோவிடம் போயிற்று. 'லொம்பார்டி'யை 2010-ல் ஐ.பி.எம். வாங்கியது. அதே ஆண்டில் 'சாவியன்' புரோகிரஸ் கம்பெனிக்கும், 2011-ல் 'மெடாஸ்டார்ம்' ஓப்பன்டெக்ஸ்டுக்கும் கைமாறின. ஒரு காலத்தில் எல்லாம் ஓங்கிய பெயர்கள். இன்று பி.பி.எம். என்ற சொல்லையே பலர் விட்டுவிட்டு, ஆட்டோமேஷன், ஆர்க்கெஸ்ட்ரேஷன் என்று விதவிதமாய்ப் போர்டு மாட்டுகிறார்கள்.

ஆகையால் வாங்கும்போதே, "என் படங்களையும் பழைய கேஸ்களையும் எந்த உருவத்தில் திருப்பித் தருவீர்கள்?" என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பி.பி.எம்.என். படமாகத் தருகிறோம் என்பார்கள். அதுவே பாதி உண்மைதான். வழிப்படம் வரும், படிவங்களும், வெளி இயந்திரங்களோடு போட்ட இணைப்புகளும் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும்.

விலையைக் கணக்கிடும் முறையும் கடைக்குக் கடை வேறு. சிலர் உபயோகிக்கும் ஆட்களின் தலையை எண்ணுகிறார்கள். சிலர் ஓடும் கேஸ்களை எண்ணுகிறார்கள். ஆயிரம் பேர் மாதம் ஒரு லீவு மனுப் போடும் ஆலையில் தலைக்கணக்கு கொள்ளை. பத்துப் பேர் தினம் பத்தாயிரம் பில் பார்க்கும் இடத்தில் அதுவே லாபம். இதை ஒரு காகிதத்தில் பெருக்கிப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஒவ்வொரு கடையிலும் செயற்கை அறிவு 'ஏஜெண்டு'களையும் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். டாக்டர் ரசீதைப் படித்துத் தொகையை எடுத்து எழுதும் வேலைக்கு அவை கெட்டிக்காரர்கள்தான். விண்ணப்பத்தைத் தள்ளுவதா ஏற்பதா என்பதையும் அவற்றிடமே விடுவதற்கு எனக்கு இன்னும் மனம் வரவில்லை. விட்டால், ஏன் தள்ளினாய் என்று கேட்க ஒரு நாற்காலியாவது வேண்டும்.

கடைக்காரர் காட்டும் மாதிரியைப் பார்த்து மயங்காமல் இருக்க எனக்குத் தெரிந்த உபாயம் ஒன்றே. அவருடைய மாதிரியை ஓரமாக வைத்துவிடச் சொல்லுங்கள். உங்கள் ஆபீஸிலேயே மிகவும் சிக்கிக்கொண்ட பழைய கேஸ் ஒன்றைக் கொடுங்கள். பாதியில் காகிதம் குறைந்தது, பெயரில் எழுத்து மாறியது, அதிகாரி லீவில் போனது எல்லாம் அதில் இருக்கட்டும். அதை அவர் எதிரிலேயே ஓட்டிப் பாருங்கள். பிறகு உங்கள் குமாஸ்தா ஒருவரை உட்கார வைத்து, படத்தில் ஒரு கடிகாரத்தை ஒட்டச் சொல்லுங்கள். எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கைக்கடிகாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மேற்பார்வையாளர் எங்கள் கேஸை அந்தத் தட்டிலிருந்து எடுத்து வேறொருவர் பெயருக்கு மாற்றினார். இரண்டு நிமிஷ வேலை. மாற்றிவிட்டு, அதே தட்டை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்தார். அங்கே மேலும் பதினேழு கேஸ்கள் இருந்தன. அவர் ஒன்றும் பேசாமல் ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினார்.

மூன்றாம் நாள் பணம் வந்தது. சித்தப்பா வளையல்களை மீட்டுக்கொண்டு வந்தார். அந்த 43 நாள் வட்டி மட்டும் அவர் கையிலிருந்து போயிற்று.